முட்டையைத் தின்னும் புழு!

சிதம்பரம் பக்கத்தில் ஒரு குடியானவர் வீடு. கொல்லையில் ஆறு கோழிகள்.

கணவன் வயலுக்குப் போகிறான். மனைவி வீட்டு வேலையைப் பார்க்கிறாள். கோழிகளும் அவள் பொறுப்பு. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கி விடுகிறாள். மாலையில் கூப்பிட்டு அடைக்கிறாள். முட்டை விற்ற காசு அவளுடைய சிறுவாடு. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் அந்தக் காசில்தான் வருகிறது.

மழைக்காலம் முடிந்தது. கோழிகள் தீனி தின்கின்றன. ஆனால் முட்டை இல்லை! கொண்டை வெளுத்து விட்டது. மார்பு எலும்பு கத்தி போல் கையில் தட்டுப்படுகிறது.

"யார் கண் பட்டதோ?" என்கிறாள் அவள்.

கண் படவில்லை, அம்மா! கோழியின் வயிற்றில் புழு இருக்கிறது. நீ போடும் தீனியை அது தின்கிறது. உன் சிறுவாட்டையும் அதுதான் தின்கிறது.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

எத்தனை ரூபாய் நஷ்டம்?

நாட்டுக்கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பிறகு அடை கிடக்கும். பன்னிரண்டு முட்டை என்றே வைத்துக் கொள்வோம். முட்டை ஒன்று 15 ரூபாய் என்போம். ஒரு கோழி ஒரு தடவை முட்டை இடத் தவறினால் 180 ரூபாய் போயிற்று. ஆறு கோழிகளும் தவறினால் 1,080 ரூபாய்!

அந்தப் பணத்தை யாரும் திருடவில்லை. அதனால் போனது தெரிவதில்லை.

புழு எப்படி வருகிறது?

கோழிக்குடலில் பல வகைப் புழுக்கள் உண்டு. முக்கியமானவை மூன்று.

முதலாவது, உருண்டைப் புழு. வெள்ளையாக, வேக வைத்த சேமியா போல இருக்கும். இரண்டு முதல் நான்கு அங்குல நீளம். இது குஞ்சுகளுக்கு எமன். கூட்டமாகச் சேர்ந்து குடலையே அடைத்து விடும்.

இரண்டாவது, நாடாப்புழு. தட்டையாக, கண்ணி கண்ணியாக இருக்கும். அறுந்த கண்ணிகள் எச்சத்தில் அரிசி போல் தெரியும்.

மூன்றாவது, குருட்டுக் குடலில் இருக்கும் சின்னப் புழு. அரை அங்குலம்தான் இருக்கும்.

உருண்டைப் புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத முட்டை அது. மண்ணில் ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அதற்குள் குட்டிப் புழு உருவாகிவிடும். கோழி அந்த மண்ணைக் கிளறித் தீனி பொறுக்கும்போது அது வயிற்றுக்குள் போகிறது. ஐந்து முதல் எட்டு வாரத்தில் பெரிய புழுவாகிறது. அதுவும் முட்டை இடுகிறது. மறுபடியும் மண்; மறுபடியும் கோழி!

நாடாப்புழு வேறு வழியில் வருகிறது. எறும்பு, வண்டு, ஈ ஆகியவற்றின் உடலில் அதன் குட்டி ஒளிந்திருக்கும். கோழி அவற்றைக் கொத்தித் தின்றால் புழுவும் உள்ளே போகும். சின்னப் புழுவின் முட்டையை மண்புழுவும் சுமந்து வரும்.

நம் மண்ணில் ஏன் அதிகம்?

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் எப்படி மழை கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொள்ளிடமும் வெள்ளாறும் பெருகுகின்றன. வீராணம் நிரம்புகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும். கொல்லை வாரக்கணக்கில் காய்வதில்லை. பரங்கிப்பேட்டை போன்ற கடலோர மணல் சீக்கிரம் காயும். ஆனால் அங்கும் கூண்டின் நிழலில் ஈரம் நிற்கும்.

வெயில்தான் புழு முட்டைக்குப் பகை. நிழலும் ஈரமும் அதற்குத் தாய்வீடு. ஈரமான நிழலில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழை முடிந்து தை பிறக்கும்போது கோழிகள் நோஞ்சானாக நிற்பதன் காரணம் இதுதான்.

"நாட்டுக்கோழிக்கு ஒன்றும் வராது!"

இப்படிச் சொல்பவர்கள் உண்டு. நாட்டுக்கோழி கெட்டியான ஜாதிதான். ஆனால் மண்ணைக் கிளறி வாழ்வதும் அதுதான். கூண்டிலே கம்பி மேல் நிற்கும் பண்ணைக்கோழியின் எச்சம் கீழே விழுந்துவிடும். கொல்லைக் கோழியோ எச்சத்தின் மேலேயே மேய்கிறது. யாருக்குப் புழு அதிகம் வரும்? நீங்களே சொல்லுங்கள்!

இன்னொரு பயமும் உண்டு. கோழிப்புழு பிள்ளைகளுக்கு ஒட்டுமா? ஒட்டாது. கோழியின் உருண்டைப் புழு மனிதர் குடலில் வாழாது. முட்டையையும் கறியையும் நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள், போதும்.

முட்டை நின்றால் புழுதான் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. அடை கிடக்கும் கோழியும், இறகு உதிர்க்கும் கோழியும் முட்டை இடாது. அது இயற்கை. குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது இரத்தக் கழிச்சல் நோய்; அதற்கு மருந்து வேறு. வெள்ளையாகவும் பச்சையாகவும் கழிந்து கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். அன்றே மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சந்தேகமா? கோழி எச்சத்தைக் கொஞ்சம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் புழு முட்டை தெரிந்துவிடும். கடலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும் இருக்கிறது. அங்கும் கேட்கலாம்.

மருந்து எப்போது? எப்படி?

நான்கு மாதங்களை மனத்தில் வையுங்கள். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. குஞ்சுகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் மருந்து.

எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து அல்ல. பைப்பரசின் உருண்டைப் புழுவைத்தான் வெளியேற்றும். அல்பெண்டசோல், பென்பெண்டசோல் போன்றவை இன்னும் பல வகைப் புழுக்களைக் கொல்லும். நாடாப்புழுவுக்குத் தனி மருந்து தேவைப்படலாம். எது, எவ்வளவு என்பதைக் கோழியின் எடையைப் பார்த்து டாக்டர் சொல்வார். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரையை உத்தேசமாக உடைத்துப் போடாதீர்கள். குறைத்துக் கொடுத்தாலும், காரணம் இல்லாமல் மாதந்தோறும் கொடுத்தாலும் புழுவுக்கு மருந்து பழகிவிடும். பிறகு எதற்கும் சாகாது.

மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது என்பதையும் கேட்டு வையுங்கள். இதை மறக்கக் கூடாது.

வேப்பிலை, பூண்டு, பாகற்காய் கொடுப்பது நம் ஊர் வழக்கம். கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் புழு முற்றிய கோழிக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

காசில்லாத வைத்தியம்

மருந்து பாதி. சுத்தம் பாதி.

கூண்டை மேடான இடத்தில், வெயில் படும்படி வையுங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை இடத்தை மாற்றுங்கள். எச்சத்தை நாள்தோறும் கூட்டி எருக்குழியில் போட்டு மூடுங்கள். குழியின் சூட்டில் புழு முட்டை சாகும். மருந்து கொடுத்த மறுநாளும் அதற்கு அடுத்த நாட்களும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வெளியே வந்த புழுவையும் முட்டையையும் கோழி மறுபடி தின்றால் மருந்து வீண்!

தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு சேர்க்காதீர்கள். முருங்கைக் கீரை கொடுங்கள். அதிலுள்ள சத்து குடலுக்குப் பலம்.

போகியன்று பழையதைக் கழிக்கிறோம். அன்றைக்குக் கோழிக் கூண்டையும் கழுவிக் காய வைத்தால் என்ன?

தெரு சேர வேண்டும்!

இத்தனையும் ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது. கோழிக்கு வேலி ஏது? காலையில் உங்கள் கொல்லை. பகலில் பக்கத்து வீட்டுக் குப்பைமேடு. நீங்கள் மருந்து கொடுத்த கோழி, மருந்து கொடுக்காத கோழியின் எச்சத்தில் மேய்ந்துவிட்டு வரும். ஆகவே தெரு முழுவதும் ஒரே நாளில் மருந்து கொடுக்க வேண்டும்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆறு கோழிக்காக ஒருத்தி ஒரு முழுப் பாட்டில் மருந்து வாங்க வேண்டாம். குழு வாங்கட்டும். பத்து வீடு பகிர்ந்து கொள்ளட்டும். செலவு சில்லறையாகிவிடும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைக் கழிச்சலுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் அது நடக்கிறது. நல்ல காரியம். தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பே புழு மருந்து கொடுத்துவிட்டால் கோழி தெம்பாக இருக்கும். ஊசியும் நன்றாக வேலை செய்யும். ஆகவே தை மாதத்திலேயே ஊர் ஊராகப் புழு மருந்தை அளந்து கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஏழைப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுத்த அரசு, அந்தக் குஞ்சு பிழைக்க மருந்தும் கொடுப்பதுதான் முறை.

இது முடியாத காரியமா? 2015-ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்க ஒரு நாளையே ஒதுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். பலன் அதில்தான் இருக்கிறது. கோழிக்கும் அதே கணக்குத்தான்.

முட்டை ஏழை வீட்டுப் பிள்ளையின் சத்துணவு. தாயின் சிறுவாடு. அதைப் புழுவுக்குக் கொடுப்பானேன்?

இந்தத் தை மாதம் உங்கள் தெருவில் தொடங்குங்கள். முதலில் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்!