நம்ம ஊர் ரோட்டுக்கு 4×4 கார் தேவையா? ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



ஓசூர்லயோ பெங்களூர்லயோ வேலை, சனிக்கிழமை ஆனா தர்மபுரி, அரூர், பாலக்கோடுன்னு சொந்த ஊர். சம்பளம் கொஞ்சம் ஏறினதும் அடுத்த ஆசை கார். இப்போ நிறைய பேர் மனசுல நிக்கிறது மஹிந்திரா தார் ராக்ஸ், இல்லைன்னா மாருதி ஜிம்னி. "நம்மளது மலை இருக்கிற ஊர், 4×4 இருந்தா குடும்பத்துக்குப் பாதுகாப்பு" என்ற காரணமும் கூடவே வருது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தினமும் ரோட்டுல ஓட்டுற சம்பளக்காரக் குடும்பத்துக்கு, 4×4-க்காகக் கொடுக்கிற கூடுதல் பணம் பெரும்பாலும் வீண். வண்டியைக் குறை சொல்லலை. அந்த ஒரு வசதி உங்களுக்கு எத்தனை நாள் உழைக்கும்னு தான் கேட்கிறேன்.

அந்த லீவர் எப்போ வேலை செய்யும்?

தார் ராக்ஸ் 4×4, ஜிம்னி ரெண்டுமே பார்ட்-டைம் 4×4 வகை. சாதாரணமா ஓட்டும்போது இன்ஜின் சக்தி பின்சக்கரம் ரெண்டுக்கு மட்டும் தான் போகும். சேறு, மணல், வழுக்குற சரிவு வந்தா லீவரைப் போட்டு நாலு சக்கரத்துக்கும் மாத்தணும். காய்ஞ்ச தார் ரோட்டுல அப்படி மாத்தி ஓட்டக் கூடாது. வளைவுல முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் உருளும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிற சென்டர் டிஃபரன்ஷியல் இந்த வண்டிகள்ல கிடையாது. மீறி ஓட்டினா டயரும் கியர் அமைப்பும் சேர்ந்து தேயும்.

அப்போ யோசிச்சுப் பாருங்க. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வரைக்கும் நாலுவழிச் சாலை, பென்னாகரம் வழியா ஒகேனக்கல், அரூர் பக்கம் தீர்த்தமலை, எல்லாமே பின்சக்கரம் ரெண்டுலயே போற பயணம் தான். வத்தல்மலைக்கே இப்போ ரோடு போட்டு அரசு பஸ் ஏறுது. அந்த பஸ்ஸுக்கும் சக்தி பின்சக்கரத்துக்குத் தான்!

பாதுகாப்புன்னா தொப்பூர் கணவாயைப் பேசணும்

நம்ம மாவட்டத்துல ரோடு பயம்னா தொப்பூர் இறக்கம். அங்க லாரிகள் பிரேக் பிடிக்காம முன்னால போற வண்டிகள் மேல மோதின விபத்துச் செய்திகளை நாம எத்தனையோ தடவை படிச்சிருக்கோம். 4×4 என்பது வண்டி முன்னேற உதவுற விஷயம். நிறுத்துறதுக்கு அது உதவாது. பிரேக் எல்லா கார்லயும் நாலு சக்கரத்துக்கும் இருக்கு. இறக்கத்துல உங்க குடும்பத்தைக் காப்பாத்துறது குறைஞ்ச கியர், நல்ல டயர், வண்டி சறுக்காம பிடிக்கிற இஎஸ்சி, ஏர்பேக், பின்சீட்லயும் போட்ட சீட் பெல்ட். தார் ராக்ஸ் 2024 நவம்பரில் பாரத் என்கேப் சோதனையில் 5 ஸ்டார் வாங்குச்சு. அது மோதல் சோதனையில் கிடைச்ச மார்க், 4×4 லீவருக்குக் கிடைச்சதில்லை.

இப்போ பணக் கணக்கு

தார் ராக்ஸ் 2024-ல் வந்தப்போ ஏஎக்ஸ்7எல் டீசல் மேனுவல், சாதாரண மாடல் எக்ஸ்-ஷோரூம் 18.99 லட்சம், அதே கார் 4×4-ல் 20.99 லட்சம். "ரெண்டு லட்சம் தானே" னு தோணும். ஆனா தமிழ்நாட்டுல 2023 நவம்பரிலிருந்து கார் வாழ்நாள் வரி 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 18%, 20 லட்சத்தைத் தாண்டினா 20%. ஷோரூம் விலை மேல போட்டுப் பாருங்க:

சாதாரண மாடல்: வரி 3,41,820 ரூபாய்.
4×4 மாடல்: வரி 4,19,800 ரூபாய்.

வரியிலேயே 77,980 ரூபாய் வித்தியாசம். ஆக, அந்த லீவரோட விலை சுமார் 2.78 லட்சம். இதை 9% வட்டியில் 7 வருஷ லோன்ல போட்டா மாசம் 4,470 ரூபாய் பக்கம் வரும். முடிக்கும்போது 3.75 லட்சம் கட்டியிருப்பீங்க. இன்சூரன்ஸ் பிரீமியமும் வண்டி விலையோட சேர்ந்து ஏறும், அது தனி. கார் லோன் வட்டிக்குச் சம்பளக்காரருக்கு வரிச்சலுகையும் கிடையாது.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறின பிறகு விலைகள் மாறியிருக்கு. அதனால இன்னைக்கு வாங்கின கொட்டேஷனை வெச்சு இதே கணக்கைப் போடுங்க. முக்கியமா, 20 லட்சம் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு பாருங்க.

ஜிம்னியில் வேற ஒரு விஷயம் இருக்கு. நீளம் 4 மீட்டருக்குள்ள தான். ஆனா பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி. சின்ன கார் சலுகைக்கு பெட்ரோல்ல 1,200 சிசி தான் எல்லை. அதனால ஜிம்னிக்கு ஜிஎஸ்டி 40%. டாடா நெக்ஸான் மாதிரி 1.2 லிட்டர் பெட்ரோல் கார்களுக்கு 18%. அதாவது ஜிம்னி ஷோரூம் விலையில் ஒவ்வொரு 100 ரூபாய்லயும் சுமார் 29 ரூபாய் ஜிஎஸ்டி, நெக்ஸான்ல சுமார் 15 ரூபாய். நெக்ஸான்ல 10 லட்சத்தைத் தாண்டாத வேரியன்ட் எடுத்தா வாழ்நாள் வரியும் 13% தான்.

"கிரவுண்ட் கிளியரன்ஸ் வேணுமே?" நியாயமான கேள்வி. ஜிம்னி 210 மி.மீ., நெக்ஸான் 208 மி.மீ. ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு அந்த 2 மி.மீ. தெரியப் போறதில்லை. ஆனா ஜிம்னியில் சீட் நாலு. அப்பா, அம்மா, நீங்க, மனைவி, ஒரு குழந்தைன்னா அஞ்சாவது ஆள் எங்க உட்காருவாங்க? பின்சீட்டை மடக்காம இருந்தா டிக்கி 208 லிட்டர், நெக்ஸான்ல 382.

அப்போ யாருக்குத் தான் 4×4?

தேவை இருக்கிறவங்க நிச்சயமா இருக்காங்க. வத்தல்மலையில் காபி, மிளகு தோட்டத்துக்குள்ள போகணும், சித்தேரி மலையில் ரோடு முடிஞ்ச பிறகும் வீட்டுக்குப் போகணும், மழைக்காலத்துல சேத்துப் பாதையைத் தாண்டித் தான் நிலம் இருக்குன்னா, அந்த 2.78 லட்சம் செலவு நியாயம். அங்க வேற வண்டி சிக்கினா டிராக்டரைத் தான் கூப்பிடணும். என் அளவுகோல் எளிது: போன 12 மாசத்துல உங்க வண்டி சேத்துல, மணல்ல மாட்டுற பாதையில் எத்தனை நாள் போனீங்க? 30 நாளுக்கு மேலன்னா 4×4 பாருங்க. ரெண்டு மூணு நாள் தான்னா, அந்த நாளுக்கு ஒரு ஜீப் வாடகைக்கு எடுங்க.

கெத்துக்காக வாங்குறதும் தப்பில்லை. உங்க உழைப்பு, உங்க பணம். ஆனா அந்தச் செலவை "ஆசை" கணக்குல எழுதுங்க, "குடும்பப் பாதுகாப்பு" கணக்குல எழுதாதீங்க. ஆசைக்கு எழுதினா அதுக்கு ஒரு எல்லை வைப்பீங்க. பாதுகாப்புன்னு எழுதிட்டா எமர்ஜென்சி ஃபண்டையும் அம்மா அப்பாவோட ஹெல்த் இன்சூரன்ஸையும் தள்ளி வெச்சுட்டு இஎம்ஐ கட்டுவீங்க. அந்த மாசம் 4,470 ரூபாயை அப்பா அம்மா பாலிசிக்குத் திருப்பினா, குடும்பத்துக்கு அது எந்த லீவரையும் விடப் பெரிய பாதுகாப்பு.

முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி மூணு வேலை செய்யுங்க. ஒண்ணு, ஒரே வேரியன்ட்டுக்கு 4×4 இருக்கிறது, இல்லாதது ரெண்டுக்கும் ஆன்-ரோடு கொட்டேஷன் எழுத்துல வாங்குங்க. ரெண்டு, டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. முட்டி வலியோட அந்த உயரத்துக்கு ஏறி, பின்சீட்ல அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். மூணு, 10 லட்சத்துக்கு மேல கார் வாங்கினா டீலர் 1% டிசிஎஸ் பிடிப்பாங்க. 20.99 லட்சம் காருக்குச் சுமார் 21,000 ரூபாய். அது உங்க பணம். ஐடி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். முன்கூட்டியே ஆபீஸ்ல தெரிவிச்சா, மாசச் சம்பள டிடிஎஸ்-லயே சரிக்கட்ட 2024 அக்டோபரிலிருந்து வழி இருக்கு.

ரெண்டு கொட்டேஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, போன வருஷம் சேத்துல போன நாட்களால அந்த வித்தியாசத்தை வகுத்துப் பாருங்க. ஒரு நாளுக்கு எவ்வளவு வருதோ, அதைக் கொடுக்க மனசு ஒத்துக்கிட்டா தைரியமா புக் பண்ணுங்க.