‘எங்க வீட்டு டேங்க் நிறைஞ்சதே இல்லை’: பெருமையா, ஆபத்தா? செப்டிக் டேங்க் விதிகள் ஏன் மாற வேண்டும்?

“வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை.”

போளூர் மாதிரியான ஊர்களில் சொந்த வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் வாக்கியம் இது. கேட்பவர்களும் ‘நல்ல மேஸ்திரி கிடைச்சிருக்காரு’ என்று தலையாட்டுவார்கள். உண்மையில் இது கவலைப்பட வேண்டிய செய்தி. ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்கில், வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து, இரண்டு மூன்று வருடங்களில் கசடு சேர்ந்தே தீரும். சுத்தம் செய்தே ஆக வேண்டும். இருபது வருடமாக நிறையவில்லை என்றால், உள்ளே போனது எங்கேயோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பூமிக்குள், இல்லையென்றால் தெருக் கால்வாய்க்குள்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், வேலூர் - திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது போளூர். 2025-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஊர்களில் ஒன்று. நகராட்சி என்றதும் சாலை, பஸ் ஸ்டாண்ட், சொத்து வரி பற்றித்தான் பேச்சு வரும். வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இந்த அளவுள்ள ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. அந்தத் தொட்டிதான் ஊரின் சாக்கடைத் திட்டம்.

இது சின்ன ஊர்களின் கதை மட்டும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புற வீடுகளில் 32.7 சதவீதம்தான் பாதாளச் சாக்கடையில் இணைந்திருந்தன. செப்டிக் டேங்கை நம்பியிருந்தவை 38.2 சதவீதம். ஆக, நகரத்து இந்தியாவிலேயே அதிகம் பேர் நம்பியிருப்பது குழாயை அல்ல, தொட்டியைத்தான்.

செப்டிக் டேங்க் என்னதான் செய்கிறது?

கழிப்பறையிலிருந்து வரும் கழிவு இந்தத் தொட்டியில் கொஞ்ச நேரம் தங்குகிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கிறது. நடுவில் இருக்கும் நீர் வெளியேறி, உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்குகிறது. அந்த நீரும் சுத்தமானது இல்லை, பாதிதான் சுத்திகரிக்கப்பட்டது. மிச்ச வேலையை மண் செய்ய வேண்டும்.

இது நடக்கச் சில நிபந்தனைகள் உண்டு. தொட்டியின் தரையும் சுவரும் நீர் கசியாமல் இருக்க வேண்டும். இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 2470 என்ற விதித்தொகுப்பு இதற்கு அளவுகள் சொல்கிறது. அகலம் குறைந்தது 75 சென்டிமீட்டர், நீர் மட்டத்துக்குக் கீழே ஆழம் குறைந்தது 1 மீட்டர், நீளம் அகலத்தைப்போல 2 முதல் 4 மடங்கு, கொள்ளளவு குறைந்தது 1,000 லிட்டர்.

நடைமுறையில் பல வீடுகளில் என்ன நடக்கிறது? குழி தோண்டி வரிசையாக சிமென்ட் உறைகளை இறக்குகிறார்கள். அடியில் தளம் போடுவதில்லை. ‘தளம் போட்டா சீக்கிரம் ரொம்பிடும் சார்’ என்பதுதான் காரணம். பிளானில் செப்டிக் டேங்க் என்று எழுதியிருக்கும், மண்ணுக்கடியில் இருப்பதோ அடியில்லாத ஆழமான குழி.

அரசின் கழிப்பறைத் திட்டங்களில் வரும் இரட்டை உறிஞ்சுகுழி வேறு. அது கசிவதற்காகவே, ஆழம் குறைவாக, ஒன்று மாற்றி ஒன்று பயன்படுத்துமாறு வடிவமைக்கப்பட்டது. நிலத்தடி நீரிலிருந்து போதிய தூரத்தில் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். இருபது அடி ஆழத்துக்கு இறக்கிய ஒற்றைக் குழியை அதோடு ஒப்பிட முடியாது.

இப்போது என்னென்ன விதிகள் இருக்கின்றன?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 2014-லேயே செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்காக உள்ளாட்சிகளுக்கு வழிகாட்டுதல்கள் வந்தன. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் கசடு கழிவைச் சுத்திகரிக்கத் தனி நிலையமே அமைக்கப்பட்டது. பிறகு பல ஊர்களுக்கு இது விரிவடைந்தது.

2022-ல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் திருத்தம் வந்தது. கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் அபராதம், மறுபடியும் பிடிபட்டால் 50,000 ரூபாய். லாரி எங்கே போகிறது, எங்கே கொட்டுகிறது என்று பார்க்க இப்போது சட்டம் இருக்கிறது. இது நல்ல மாற்றம்தான்.

ஆனால் லாரிக்குக் கழிவு வருவது தொட்டியிலிருந்து. அந்தத் தொட்டியை யார் பார்க்கிறார்கள்?

ஓட்டை எங்கே இருக்கிறது?

2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடம் கட்டுவதற்கான அடிப்படை. வரைபடத்தில் செப்டிக் டேங்க் காட்டப்படும். ஆனால் சிறிய குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. 2024 ஜூலையில் சுயசான்று முறையும் வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிவிடலாம்.

அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதையும் ‘கவனிப்பதையும்’ குறைத்த இந்த முறையை யாரும் குறை சொல்ல முடியாது. வேலை பார்த்துக்கொண்டே சொந்த ஊரில் வீடு கட்டும் இளைஞர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இதன் ஒரு விளைவை மறுக்கவும் முடியாது. அனுமதி வாங்கும்போது தொட்டி வெறும் கோடு. கட்டி முடித்தபின் சிமென்ட் மூடிக்குக் கீழே மறைந்துவிடும். இடையில் அதை நேரில் பார்க்கும் அதிகாரி யாருமில்லை. லாரிக்கு இருக்கும் உரிமமும் பதிவேடும் தொட்டிக்கு இல்லை.

பின்பற்றவே முடியாத 18 மீட்டர்

இன்னொரு சிக்கல், விதியே பழசாகிவிட்டது. கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து உறிஞ்சுகுழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது தர விதித்தொகுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

30-க்கு 40 அடி மனை. அதாவது 1,200 சதுர அடி, அரை கிரவுண்டு. சாதாரண சம்பளக்காரர் வாங்கும் மனை இதுதான். இதில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு எவ்வளவு தூரம்? 50 அடி. மீட்டரில் சுமார் 15.2. மனையின் ஒரு மூலையில் போர்வெல்லும் எதிர் மூலையில் உறிஞ்சுகுழியும் போட்டால்கூட 18 மீட்டர் வராது. பக்கத்து வீட்டு போர்வெல்லைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

பெரிய தோட்டம் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதிய விதி, லேஅவுட் மனைக்குப் பொருந்தாது. பின்பற்ற முடியாத விதி இருந்தால் என்ன ஆகும்? எல்லோரும் மீறுவார்கள், மீறுவது பழகிவிடும், பின்பற்ற முடிந்த மற்ற விதிகளையும் சேர்த்தே மீறுவார்கள். தளம் போடாத குழி அப்படித்தான் சர்வசாதாரணம் ஆனது.

யாருக்கு ஆபத்து?

முதலில் தண்ணீர். திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி கெட்டிப்பாறை நிலம். இங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. மணல் அடுக்கு கழிவை வடிகட்டும், பாறை வெடிப்பு அப்படிச் செய்யாது. ஒரு வீட்டுக் குழியில் இறங்கியது இன்னொரு வீட்டு போர்வெல்லில் ஏறலாம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைட்ரேட் போகாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். அதைத் தாண்டிய தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. நிறமோ வாசனையோ எதையும் காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது, உயிர். தொட்டி தப்பாகக் கட்டப்பட்டால், லாரியின் குழாய் உள்ளே போக வழியிருக்காது, மூடி டைல்ஸுக்கு அடியில் இருக்கும், கசடு பல வருடம் இறுகியிருக்கும். அப்போதுதான் ‘ஆளை இறக்கிடலாம்’ என்ற பேச்சு வருகிறது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அளவு கூடும்போது அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும் வாயு. ஆபத்து தெரிவதற்குள் ஆள் மயங்கிவிடுவார், தூக்க இறங்குபவரும் சேர்ந்தே சாவார். சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த மாநிலவாரிப் பட்டியல்களில் 1993 முதலான மொத்த எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டம், பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை உள்ளாட்சிக்கு மட்டும் தடை செய்யவில்லை, யாருக்கும் தடை செய்கிறது. வீட்டு ஓனரும் அதில் அடக்கம். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் தண்டனையைப் பற்றிப் பேசுகிறது. ஆளே இறங்கத் தேவையில்லாத தொட்டியைக் கட்டவைப்பது கட்டட விதிகளின் வேலை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஜப்பானில் பாதாளச் சாக்கடை இல்லாத வீடுகளில் ‘ஜோகாசோ’ என்ற சிறிய சுத்திகரிப்புத் தொட்டி இருக்கும். இதற்கென்றே 1983-ல் தனிச் சட்டம் வந்தது. பொருத்துபவருக்கும் பராமரிப்பவருக்கும் தகுதிச் சான்று தேவை, ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. கழிப்பறைக் கழிவை மட்டும் சுத்திகரித்து, சமையலறை, குளியலறை நீரை அப்படியே விடும் பழைய வகையைப் புதிதாகப் போடுவதற்குப் பிற்பாடு தடையும் வந்தது.

அயர்லாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. கிராமத்து வீடுகளின் தொட்டிகளைக் கண்காணிக்கவில்லை என்று 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த நாட்டைக் கண்டித்தது. 2012-ல் பதிவுச் சட்டம் வந்தபோது மக்கள் கொதித்தார்கள். கட்டணம் 50 யூரோ, ஆரம்பத்திலேயே பதிந்தால் 5 யூரோ என்று அரசு இறங்கி வந்தது. ஆய்வில் தேறாத தொட்டிகளைச் சரிசெய்ய மானியமும் கொடுத்தது. முதலில் கணக்கெடு, பிறகு உதவி செய், கடைசியில்தான் தண்டனை என்ற வரிசை அங்கே வேலை செய்தது.

இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. மகாராஷ்டிராவின் வாய் என்ற சிறு நகரம், வீட்டுக்காரர் கூப்பிடும்வரை காத்திருக்காமல், முறை வைத்து வீடு வீடாகத் தொட்டிகளைச் சுத்தம் செய்யத் தொடங்கியது. செலவுக்கு ஒரு சிறிய வரி.

தமிழ்நாட்டில் என்ன மாற வேண்டும்?

முதலாவது, மூடி போடும் முன் ஒரு பார்வை. சுயசான்று முறையை ரத்து செய்ய வேண்டியதில்லை. தளமும் சுவரும் முடிந்ததும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். இடக்குறிப்புடன் போட்டோ எடுத்து அதே தளத்தில் ஏற்றச் சொல்லலாம். சிலவற்றை மட்டும் நகராட்சி நேரில் சரிபார்த்தால் போதும்.

இரண்டாவது, தொட்டிக்கும் ஒரு எண். சொத்து வரி எண்ணோடு தொட்டியின் வகை, கொள்ளளவு, கடைசியாகச் சுத்தம் செய்த தேதி ஆகியவற்றை இணைக்க வேண்டும். வீடு வாங்குபவரும் வாடகைக்கு வருபவரும் அதைப் பார்க்க முடிய வேண்டும்.

மூன்றாவது, சிறிய மனைக்குச் சாத்தியமான விதி. 18 மீட்டர் கிடைக்காத இடத்தில், கசியாத தொட்டியிலிருந்து வரும் நீரை மூடிய குழாயில் கொண்டுபோய், தெருவுக்கோ லேஅவுட்டுக்கோ பொதுவான ஒரு சிறிய சுத்திகரிப்பு அமைப்பில் சேர்க்கலாம். புதிய லேஅவுட் அனுமதியிலேயே அதற்கு இடம் ஒதுக்கச் சொல்லலாம்.

நான்காவது, ஊராட்சிகளையும் சேர்ப்பது. 2022 திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கானது. போளூர் எல்லையைத் தாண்டினால் கிராம ஊராட்சி, மேலே போனால் ஜமுனாமரத்தூர். லாரியும் நிலத்தடி நீரும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. மலையில் இறங்குவது கடைசியில் செய்யாற்றுப் பக்கம்தான் வரும்.

‘இது ஏழைகள் தலையில்தானே விடியும்?’

நியாயமான கேள்வி. ஏற்கெனவே கடன் வாங்கிக் கட்டிய வீட்டைத் தோண்டச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். அதனால்தான் புதிய வீடுகளுக்கு உடனடி விதி, பழைய வீடுகளுக்குக் கால அவகாசமும் மானியமும் என்று பிரிக்க வேண்டும். சுத்தம் செய்யும் செலவையும் பார்ப்போம். ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்றால் மாதம் 84 ரூபாய்க்குள் முடிந்துவிடும். செல்போன் ரீசார்ஜைவிடக் குறைவு. மொத்தமாகக் கேட்டால்தான் பாரம். சொத்து வரியோடு சிறிய தொகையாக வாங்கி, முறை வைத்து லாரியை அனுப்பினால் யாருக்கும் வலிக்காது. குடிசை வீடுகளுக்கு விலக்கும் கொடுக்கலாம்.

நகராட்சியாகியிருக்கும் போளூர் போன்ற ஊர்களில் இனிமேல்தான் வீடுகள் பெருகும். பாதாளச் சாக்கடை வரப் பல வருடங்கள் ஆகலாம். அதுவரை கட்டப்போகும் ஒவ்வொரு தொட்டியும் இப்போதைய விதிப்படி, அதாவது யாரும் பார்க்காமலேயே, மண்ணுக்குள் போகும். பிறகு தோண்டி எடுப்பதைவிட, இப்போதே ஒரு முறை எட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் மலிவு.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மாவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம்ம வீட்டு டேங்க் எங்கே இருக்கு? அடியில தளம் போட்டிருக்கா? கடைசியா எப்போ சுத்தம் பண்ணோம்? மூன்றுக்கும் பதில் தெரியவில்லை என்றால், உங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.