பெட்டி மட்டும் தயார்



பிடோக்கில் இருக்கும் என் தங்கைக்கு 2025-இல் ஐம்பது வயது நிறைந்தது. அவள் கணவர் மூச்சு விடாமல் பாலித் தீவுக்கு விமானச் சீட்டு வாங்கி, பெட்டியும் அடுக்கிவிட்டார். பிறந்தநாளன்று விடியற்காலையில், "கிளம்பு, சாங்கிக்குப் போகலாம்" என்றார். பக்கம்தானே என்று அவளும் கிளம்பினாள்.

விமான நிலையத்தில்தான் தெரிந்தது, அவள் கடப்பிதழில் நான்கு மாதமே பாக்கி. இந்தோனேசியாவோ ஆறு மாதம் கேட்கிறது. சிங்கப்பூரில் பெரியவர்களுக்குப் பத்தாண்டுக் கடப்பிதழ் வந்தது 2021 அக்டோபரில். அவருடையது அது. அவளுடையதோ அதற்கு முன் எடுத்த ஐந்தாண்டுக் கடப்பிதழ். தன்னுடையதை வைத்தே அவளுடையதையும் கணக்குப் போட்டுவிட்டார் மனிதர்!

சீட்டுப் பணம் போயிற்று. திரும்பி வந்து ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் உட்கார்ந்தார்கள். அங்கேதான் அவள் வாய் திறந்தாள்: "எனக்குப் பாலி வேண்டாங்க. தோட்டத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்து பத்து நாள் வைத்துக்கொள்ளணும்."

இருபத்தைந்து ஆண்டாக அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அடுத்த மாதமே அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், அம்மாவை அழைத்துப் போக.

ஊரை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசையை மட்டும் கேட்டுவிடுங்கள். கடப்பிதழையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.