கையெழுத்தைக் கடன் கொடுக்காதீர்!

மாத்திரைத் தொழிற்சாலையில் மருந்தை எடை போட்டவர் ஒருவர் கையெழுத்துப் போடுவார். அதைச் சரிபார்த்தவர் இன்னொருவர் போடுவார்.

இப்போது பல இடங்களில் பேனா இல்லை. கம்ப்யூட்டரில் தன் அடையாள எண்ணையும் பாஸ்வேர்டையும் தட்டினால், அதுவே கையெழுத்து!

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-ல் இதற்கு விதி வகுத்தது. கையெழுத்திட்டவர் பெயர், தேதி, நேரம், எதற்காக என்ற விவரம் எல்லாம் பதிவாக வேண்டும். ஒருவர் கையெழுத்தை மற்றவர் போடக்கூடாது. அந்நாட்டுக்கு மருந்து அனுப்பும் இந்தியத் தொழிற்சாலைகளும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவையே.

நல்ல விதி! ஆனால், "அண்ணே, அவசரம்! உங்க பாஸ்வேர்டு என்ன?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொல்லிவிட்டால்? பார்க்காத வேலைக்குப் பார்த்ததாகச் சாட்சி! கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

அந்த மாத்திரையை நாளை ஒரு குழந்தை விழுங்கும். ஆகவே, "இரு தம்பி, நானே வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையான கையெழுத்து!