விசா உண்டு, அங்கீகாரம் எங்கே?

2024 அக்டோபரில் ஜெர்மன் பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் புதுதில்லி வந்தபோது, இந்தியத் திறன்மிகு தொழிலாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கை 20,000-லிருந்து 90,000 ஆக உயரும் என அறிவிக்கப்பட்டது. ஒன்றிய அரசு அதனைத் தனது சாதனையாகப் பறைசாற்றியது. விசா பெறும் எலக்ட்ரீசியனின் ஐடிஐ சான்றிதழுக்கு அங்கே என்ன மதிப்பு என்பதைப் பற்றி மட்டும் மூச்சில்லை.

ஜெர்மனியில் இத்தகைய தொழிற்பயிற்சி மூன்றரை ஆண்டுகள்; அதன் பெரும்பகுதி பட்டறையிலேயே நடப்பது. நம் ஐடிஐயிலோ இரண்டே ஆண்டுகள். பணி அனுபவத்தையும் கணக்கில் கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது எனினும், எழுத்துச் சான்று இல்லாத அனுபவத்தை எப்படி மெய்ப்பிப்பது? மேஸ்திரியிடம் தொழில் கற்ற நம் கொத்தனாருக்கும் தச்சருக்கும் காட்டுவதற்குத் தாளே கிடையாது.

2024 மார்ச் முதல், அங்கே சென்று வேலை பார்த்துக்கொண்டே அங்கீகாரம் பெறலாம் என்ற வழி திறந்துள்ளது. நல்லதுதான். ஆனால் அதற்கு முதலாளியோடு ஒப்பந்தம் தேவை. முழு அங்கீகாரம் கைக்கு வரும்வரை தொழிலாளி அவரையே அண்டி நிற்கிறார். தேர்ந்த கையைக் குறைகூலிக்கு வாங்க இதைவிட வசதியான ஏற்பாடு மூலதனத்திற்கு வேறென்ன வேண்டும்? அவரை வளர்த்து, பயிற்றுவித்த செலவோ இந்திய உழைக்கும் மக்களுடையது.

ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியே, புறப்படும் முன்பே அங்கீகாரத்தை முடிவுசெய்யும் உடன்பாட்டை ஒன்றிய அரசு கோர வேண்டும். மொழிப் பயிற்சிக்கும் மதிப்பீட்டிற்குமான செலவை வேலைக்கு எடுப்பவரே ஏற்க வேண்டும். அப்பேச்சுவார்த்தையில் இரு நாட்டுத் தொழிற்சங்கங்களுக்கும் இடமளிக்கப்பட வேண்டும்.