சுருங்கியதா, சுருக்கினார்களா?

போன செமஸ்டர் மொழிபெயர்ப்புப் பாடத்தில் எங்களுக்கு ஒரு வசனம் வந்தது. விலை அப்படியே இருக்க, பிஸ்கற் பைக்கற் சிறிதாகிவிட்டது என்பதுதான் விசயம். ஆங்கிலத்தில் அதற்கு ஒற்றை வினைச்சொல்: ஷ்ரிங்க். நாலு பேர் செய்யவேண்டிய குழு வேலை, ஐந்து நிமிசத்தில் முடிந்திருக்கும். ஆனால் கன்ரீனில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். எங்களில் இரண்டு பேர் 'பைக்கற்றுகள் சுருங்கிவிட்டன' என்று எழுதினார்கள். மற்ற இரண்டு பேருக்கும் அது பிடிக்கேல்லை. 'பைக்கற் தானாச் சுருங்கிறதுக்கு அதென்ன பருத்திச் சேர்ட்டோ?'

கேள்வி நியாயமானது. ஆங்கிலத்தில் சேர்ட் தண்ணியில் சுருங்குவதும் ஷ்ரிங்க், ஒருவர் அதைச் சுருக்குவதும் ஷ்ரிங்க். வடிவம் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வாடிப்போவது, ஒடுங்குவது என்ற பொருள்தான் இருந்தது. இன்னொன்றைச் சிறிதாக்குவது என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நாங்களோ சின்ன வகுப்பிலேயே தன்வினை, பிறவினை என்று பாடமாக்கியவர்கள். திருந்து – திருத்து, அடங்கு – அடக்கு, சுருங்கு – சுருக்கு. ஆங்கிலம் திறந்து வைத்திருக்கிற கதவைத் தமிழ் ஒரு பக்கமாகச் சாத்தச் சொல்கிறது. 'சுருங்கியது' என்று எழுதினால் நாங்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம். அது நடுநிலை இல்லை.

இந்தச் சொல்லோடு வேறு கரைச்சல்களும் உண்டு. ஷ்ரிங்க், ஷ்ராங்க், ஷ்ரங்க் என்று ட்ரிங்க் மாதிரியே காலத்துக்குக் காலம் மாறும். இதில் தடுமாறுவது நாங்கள் மட்டுமில்லை. 1989 இல் வந்த 'ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்' என்ற ஹொலிவூட் படத்தின் தலைப்பிலேயே, இலக்கணக்காரர் எதிர்பார்க்கிற ஷ்ராங்க் இல்லை. அதேபோல, விலை ஷ்ரிங்க் ஆகாது, விலை இறங்கத்தான் செய்யும். ஒரு பொருளின் உருவமோ பரப்போ அளவோ உள்ளுக்கு இழுபட்டால்தான் இந்தச் சொல் பொருந்தும். தமிழில் அதற்கு எத்தனை சொல்! தோய்த்த உடுப்பு சுருங்கும், குளம் வற்றும், வயது போக அம்மம்மா 'வத்திப்போறா'. பயத்தில் ஆள் கூனிக் குறுகுவார், குளிரில் குறண்டிக்கொண்டு படுப்பார்.

ஆனால் எங்களுக்குப் பெரிசாகப் பட்டது அந்தச் சுருங்கு – சுருக்கு விசயம்தான். ஆரல் கடலை எடுங்கள். கஸகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையில், ஒருகாலத்தில் உலகின் நாலாவது பெரிய ஏரியாக இருந்தது. ஆங்கிலத்தில் வாசித்தால் அது ஷ்ராங்க், கதை முடிந்தது. உண்மையில் 1960களில் இருந்து சோவியத் அரசு அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் தண்ணீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. ஏரி தானாக வற்றவில்லை, வற்ற வைத்தார்கள்.

எங்கட நாட்டுக்கும் அதே வினைச்சொல்தான். 2022 இல் இலங்கைப் பொருளாதாரம் 7 வீதத்துக்கும் மேல் சுருங்கியது. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு பக்கம் வீங்குது, மற்றப் பக்கம் சுருங்குது. ஷ்ரிங்க்ஃபிளேஷன் என்ற சொல்லே இந்த வீக்கத்தையும் சுருக்கத்தையும் ஒட்டிச் செய்ததுதான். 450 கிராம் இருக்கவேண்டிய பாண் கையில் பஞ்சு மாதிரி இருந்த நாட்களில், கடையில் நின்று 'பாண் சுருங்கிப்போச்சு' என்றுதான் நாங்களும் சொன்னோம். பத்திரிகை இன்னும் ஒரு படி மேலே போய் 'சுருக்கமடைந்துள்ளது' என்று எழுதும். சுருக்குவதற்குத் தனியாக ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு அதைப் பாவிக்காமல் விடுவதில் எங்களை யாரும் வெல்ல முடியாது.

எல்லாச் சுருக்கத்துக்கும் பின்னால் ஒரு கள்ளன் ஒளிந்திருக்கிறான் என்று சொல்ல வரவில்லை. சேர்ட் சேர்ட்தான். மா விலை ஏறினால் பேக்கரிக்காரருக்கும் வேறு வழி இல்லாமல் போகும். ஆனால் அவருக்கு ஒரு காரணம் இருந்தது என்று சொல்வதற்கும், அவர் செய்தார் என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

ஷ்ரிங்க்குக்குப் பின்னால் 'ஃப்ரம்' வந்தால் பொருள் பின்வாங்குவது, தயங்குவது. முதலாம் வருட ஆங்கில வகுப்பில் நாங்கள் இதை உடம்பாலேயே செய்து காட்டினோம். யார் எழும்பி வாசிக்கிறது என்று கேட்டால், வருத்தம் வந்த கோழி மாதிரி முழு வகுப்பும் குறாவிப்போய் இருக்கும். 'கலைப்பீடப் பிள்ளைகளுக்குக் கூச்சம்' என்று சொல்லிவிடுவார்கள், தன்வினை! ஒரு உச்சரிப்புப் பிழைக்கு வகுப்பே சிரித்த நாளையோ, பாடசாலையில் ஒழுங்கான ஆங்கில ரீச்சர் இல்லாமல் போன வருடங்களையோ யாரும் அந்த வசனத்துக்குள் சேர்க்கிறதில்லை. சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள், வாள் என்று அர்த்தம். வாளைக் கண்டு ஒதுங்குகிறவனைப் பார்த்து, கூச்ச சுபாவம் என்று சொல்வோமா?

கடைசியில் எங்கள் குழு ஒரு சமாதானத்துக்கு வந்தது. 'பிஸ்கற் பைக்கற்றுகள் சுருக்கப்பட்டுள்ளன.' யார் என்று சொல்லாவிட்டாலும் யாரோ செய்தார்கள் என்று அது சொல்லுது. விரிவுரையாளர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'மூலத்தில் செயப்பாட்டுவினை இல்லை' என்று எழுதி அரைப் புள்ளி வெட்டியிருந்தார். மூலத்துக்கு விசுவாசம் என்ற கணக்கில் அவர் சொன்னதும் சரிதான். இருந்தாலும் நாலு பேருமாகப் போய், பைக்கற் தானாகச் சுருங்காது என்று அவரோடு கதைத்தோம். பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். அரை மணித்தியாலம் இருத்தி வைத்து எங்களோடு வாதாடினார். புள்ளி மட்டும் கூடேல்லை.