நிழலில் நிறுத்திய பாவம்

பி.காம். படித்தவனிடம் கரண்ட் கணக்கைக் கொடுக்கக் கூடாது. மச்சினனுக்கு இது தெரியாது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை அடித்து, கூரையில் சோலார் பேனல் வைத்தவன், ‘‘கணக்கை மட்டும் நீங்க பாத்துக்குங்க அத்தான்’’ என்றான்.

பார்த்தேன். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட் ஹவர். வீட்டு மீட்டர் பாஷையில் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஆனால் ஆசிட் பேட்டரியில் தினமும் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரமே மண்டையைப் போட்டுவிடும். ஆக, 900 மினிமம் பேலன்ஸ். செலவு: குட்டி ஃபிரிட்ஜ் நாளுக்கு 540, ஃபேன் 240, விளக்கும் செல்போனும் 60. வரவு: 200 வாட் பேனல், நல்ல வெயிலில் 800 தேறும். நாற்பதுதான் துண்டு விழுகிறது. மத்திய பட்ஜெட்டைவிடத் தேவலை.

ஃபிரிட்ஜ், நீங்கள் நினைக்கிற பாட்டிலுக்கு இல்லை சார். அப்பாவின் இன்சுலினுக்கு. மூன்று வருஷமாக ராமேஸ்வரம், ராமேஸ்வரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மே மாதம். கிழக்குக் கடற்கரைச் சாலை. வேனை எங்கே நிறுத்துவோம்? மர நிழலில்தானே! பேனலுக்கோ ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே போதும், வரவு பாதாளத்துக்குப் போய்விடும்.

இரண்டாம் நாள் மத்தியானம், தொண்டி அருகே ஃபிரிட்ஜ் அணைந்தது.

‘‘அக்கா சட்னி அரைச்சா அத்தான், அதான்!’’

என் மனைவி முறைத்த முறைப்பில் பேட்டரி சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். கணக்குப் போட்டேன். 500 வாட் மிக்ஸி, மூன்று நிமிஷம்: வெறும் 25. சட்னி நிரபராதி. மிக்ஸிக்காகப் போட்ட இன்வெர்ட்டரை யாரோ அணைக்கவில்லை. அது சும்மா இருக்கவே 15 வாட் தின்னும். 24 மணி நேரத்துக்கு 360! கடைசியாக அதில் ஷேவிங் மெஷினைச் செருகியது யார் என்ற விசாரணை அதிக நேரம் நீடிக்கவில்லை. என் கன்னம் மழமழவென்றிருந்தது.

‘‘இன்ஜினை ஓட்டி சார்ஜ் ஏத்தேன்.’’

‘‘அந்த சார்ஜரைத்தான் வீண் செலவுன்னு பில்லுலேர்ந்து அடிச்சீங்களே, அத்தான்.’’

வேனுக்குள் கல்யாண வீட்டு அடுப்படிச் சூடு. இன்சுலின் டப்பாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாய் உலர்ந்துவிட்டது.

‘‘ஏண்டா பதர்றே? பெரிசா ஒண்ணு, சின்னதா ஒண்ணு, ரெண்டு மண்பானை வாங்கிட்டு வா’’ என்றார் அப்பா.

பெரிய பானையில் மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் டப்பா. மணலில் தண்ணீர், மேலே ஈரத்துணி. ஃபிரிட்ஜின் ஜில் வராது. ஆனால் உள்ளே கை விட்டால் சுகமாக இருந்தது. சாயங்காலம் ராமேஸ்வரத்தில் ஒரு மருந்துக் கடைக்காரர், தன் ஃபிரிட்ஜில் இடம் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

திரும்பும்போது வேன் வெயிலில் நின்றது. நாங்கள் மரத்தடியில், பானையோடு. சார்ஜர் விலையை விசாரித்தீர்களா என்று அப்பா கேட்கவில்லை. மச்சினன் கேட்டான். மூன்று தடவை.